செட்டா, நேரா?

நடுவர் பரீட்சை பாஸ் பண்ணிட்டு, புதுச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு. உங்க கேள்வித்தாள்ல 'இருபது-இருபது ஆனால் என்ன செய்வீர்?'னு ஒரு கேள்வி கட்டாயம் வந்திருக்கும். ரெண்டு பாயின்ட் வித்தியாசம் வர்ற வரைக்கும் ஆடணும், அப்படியும் முடியலேன்னா இருபத்தொன்பதுக்கு அப்புறம் முப்பதாவது பாயின்ட்ட யாரு எடுக்கிறாங்களோ அவங்களுக்கு கேம்னு எழுதியிருப்பீங்க. முழு மார்க் போட்டிருப்பாங்க. அந்த மார்க்க பையில வெச்சிக்கிட்டு செங்கல்பட்டு தாண்டி தெக்கால ஒரு டோர்னமென்ட்டுக்குப் போய்ப் பாருங்க, முதல் நாளே முழி பிதுங்கிடும்.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. சனி, ஞாயிறு, பொங்கல் லீவு, கோடை லீவுன்னு அத்தனையும் ஷட்டில் கோர்ட்டு ஓரத்துல நடுவர் நாற்காலியில கழிச்சவ. 'உனக்கு வூடுன்னு ஒண்ணு இருக்குதா, இல்லியா?'ன்னு எங்க வூட்டுக்காரர் கேக்காத ஞாயித்துக்கிழமையே கிடையாது. எல்லாரும் 'மிஸ்'னு கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க. மேடம்னா வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு எனக்கு.

சர்வீஸ எப்படிப் பாக்கணும், ஸ்கோர் ஷீட்ட எப்படி எழுதணும்னு நான் பாடம் எடுக்க வரல. அதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியாச்சு. ஸ்கோர் சமமா வந்து நிக்குது பாருங்க, அந்த ஒரு நேரத்தப் பத்தி மட்டும்தான் நான் பேசப் போறேன். மத்த நேரத்துல நீங்க தப்பு பண்ணா, சரி பண்ணிக்கிறதுக்கு இன்னும் பத்து பாயின்ட் இருக்கும். அங்க இருக்காது.

நம்ம பக்கத்துல ஊருக்கு ஒரு ரூல். கல்பாக்கத்துல சாயங்காலம் ஆடுற மேட்ச்சுன்னா ஸ்டாஃப் பஸ் கிளம்பறதுக்குள்ள முடிக்கணும். அதனால இருபது-இருபது ஆச்சுன்னா அடுத்த பாயின்ட் யாருதோ கேம் அவங்களது. பஸ்சு ஹாரன் அடிச்சுதுன்னா நடுவரே வாட்சப் பாப்பார். சதுரங்கப்பட்டினத்துல கோட்டைக்குப் பக்கத்துல திறந்த வெளியில கோர்ட்டு. கடல் காத்து ஒரு பக்கமா அடிக்கும். அங்க ஸ்கோர் சமம் ஆயிடுச்சுன்னா ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பக்கம் மாத்தி ஆடுவாங்க. காத்து எதிர்ல இருக்கறவ எவ்ளோ ஓங்கி அடிச்சாலும் இறகுப் பந்து அவ மூஞ்சிக்கே திரும்பி வரும், அந்தத் தொல்லைய ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும் இல்லியா.

சிரிக்காதீங்க. இந்த ரூல் எதையும் பொழுது போகாம உக்காந்து எழுதல. அந்தந்த ஊருல ஏதோ ஒரு சண்டை நடந்திருக்கும், ஏதோ ஒரு அவசரம் இருந்திருக்கும், அதுலருந்து வந்திருக்கு. போட்டிக்கு முன்னாடி ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு ரூல படிச்சுக் காட்டி 'சரியா?'ன்னு கேளுங்க. சரின்னு சொல்லிட்டாங்கன்னா அன்னைக்கு அதுதான் சட்டம்.

இப்ப கருங்குழி பொங்கல் டோர்னமென்ட் கதைக்கு வரேன். அங்க இருக்கறது இன்னும் பழைய ரூல். அந்தக் காலத்துல பதினஞ்சு பாயின்ட் ஆட்டத்துல 'செட்டிங்'னு ஒண்ணு இருந்துச்சு. கடைசியில ஸ்கோர் சமம் ஆனா, அந்த ஸ்கோருக்கு முதல்ல வந்து சேர்ந்தவங்களுக்கு ஒரு உரிமை. ஆட்டத்த இன்னும் கொஞ்சம் நீட்டலாமா, அப்படியே முடிச்சுக்கலாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. இருபத்தோரு பாயின்ட் ஆட்டம் வந்ததும் உலகம் பூரா அத விட்டுட்டாங்க. கருங்குழிக்காரங்க விடல. இருபது-இருபது ஆனா, முதல்ல இருபத தொட்டவங்ககிட்ட நடுவர் சத்தமா கேக்கணும்: "செட்டா, நேரா?" செட்டுன்னா இன்னும் மூணு பாயின்ட், முதல்ல இருபத்துமூணு எடுக்கிறவங்க ஜெயிச்சாங்க. நேரான்னா ஒரே ஒரு பாயின்ட், அதோட சரி.

இதுல ஒரு ஷரத்து உண்டு. ஒரு வருஷம் ஹால்ல பாதிப் பேரு செட்டுன்னு கத்தி, மீதிப் பேரு நேரான்னு கத்தி, பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் பறந்திருக்கு. அதுக்கப்புறம் கமிட்டி ஒரு வரி சேர்த்துச்சு. நடுவர் கேட்டதுக்கு அப்புறம், ஆடுறவங்க பதில் சொல்றதுக்குள்ள, அவங்க ஆளுங்க யாராவது வெளியிலருந்து சொல்லிக் குடுத்தா, முடிவு பண்ற உரிமை எதிராளிக்குப் போயிடும். பதில் ஆடுறவங்க மனசுலருந்துதான் வரணும்னு இந்த ஏற்பாடு.

எனக்கு இந்த ரூல் ரொம்பப் பிடிக்கும், ஒளிச்சுப் பேச மாட்டேன். இருபதுக்கு முதல்ல வந்தவ யாரு? முன்னாடி ஓடிக்கிட்டு இருந்தவ. இன்னொருத்தி பின்னாலருந்து துரத்திட்டு வந்து பிடிச்சுட்டா. பிடிச்சவளுக்கு வேகம் இருக்கு. பிடிபட்டவளுக்கு பயம்தான் இருக்கு. அந்த நேரத்துல அவ கையில முடிவக் குடுத்து, 'உன் ஆட்டத்த நீயே சொல்லும்மா'ன்னு கேக்குது இந்த ரூல். செட்டு கேட்டா மூச்சு வாங்கிக்கலாம். நேரா கேட்டா பயம் ரெண்டு பேருக்கும் சமமாயிடும்.

நான் நாற்காலியில ஏறுறத விட்டுட்டு, முழங்கால் ஒத்துழைக்கல, தலைமை நடுவரா மேஜையில உக்காந்திருந்த வருஷம் அது. நாற்காலி நடுவருக்கு ஏதாவது சிக்கல்னா தலைமை நடுவர் வந்து தீர்த்து வைக்கணும், அதுக்கு மேல பேச்சில்ல. பெண்கள் ஒற்றையர் ஃபைனல். நாற்காலியில பிரகாஷ். உங்கள மாதிரியே புதுசு, அதுதான் அவனுக்கு முதல் ஃபைனல். தங்கமான பையன். கண்ணு கூர்மை, குரல் மட்டும் கொஞ்சம் சன்னம்.

ஒரு பக்கம் எஸ்தர். கருங்குழிப் பொண்ணு. ஒரு கம்பெனியில நைட் ஷிப்ட் பாத்துக்கிட்டு, காலையில வந்து தூங்காம நேரா கோர்ட்டுக்குப் போறவ. கான்ட்ராக்ட் வேலை, அதுவும் அந்த மாசத்தோட முடியுது, திரும்ப எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. மாமல்லபுரம் ரோட்டுல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்கு ஷட்டில் கோச் வேணும்னு கேள்விப்பட்டு போய்ப் பாத்திருக்கா. அந்த கரஸ்பாண்டென்ட் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்: "உன் ஆட்டம் எனக்குத் தெரியும்மா. ஆனா பேரண்ட்ஸ் கேப்பாங்க, கோச் என்ன ஜெயிச்சிருக்காங்கன்னு. ஒரு கோப்பைய காட்டு, அடுத்த நாளே ஆர்டர் குடுக்கறேன்." இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ ஃபைனல் வந்து தோத்தவ எஸ்தர். அன்னைக்கு அந்த கரஸ்பாண்டென்ட் முன் வரிசையில சோபாவுல உக்காந்திருந்தார். எனக்குத் தெரியும், பிரகாஷுக்குத் தெரியும், ஹால்ல பஜ்ஜி வித்துக்கிட்டு இருந்தவருக்குக் கூடத் தெரியும்.

எதிர்ல நிவேதா. கல்பாக்கத்துல வளந்த பொண்ணு, காலேஜ்ல படிக்குது. மரியாதை தெரிஞ்ச பொண்ணு, ஆனா ராக்கெட்ட கையில எடுத்தா ஈவு இரக்கம் பாக்காது. கூட ஒரு டீம் மேனேஜர் வந்திருந்தார்.

எஸ்தரோட அப்பா தேவராஜ். கம்பெனி வேன் ஓட்டுறவர். அவர் குரல் இருக்கே, அய்யய்யோ. ஜி.எஸ்.டி. ரோட்டுல ஹாரன் ரிப்பேர் ஆனாக் கூட அவருக்குக் கவலை இல்ல, தலைய வெளிய நீட்டி ஒரு குரல் குடுத்தா லாரி ஒதுங்கும். பொண்ணு ஆடுற மேட்ச் ஒண்ணு விட மாட்டார். "எஸ்தரு, பின்னாடி அடி! எஸ்தரு, வலைக்கு வா!"ன்னு முதல் பாயின்ட்லருந்து கடைசி வரைக்கும் அவர் ஒரு ஆட்டம் ஆடுவார், அது பாட்டுக்கு எஸ்தர் ஒரு ஆட்டம் ஆடும்.

ரெண்டு கேம் ஆளுக்கொண்ணு. மூணாவதுல எஸ்தர் பிச்சு உதறிட்டா. இருபது-பதினாலு. இன்னும் ஒண்ணு எடுத்தா கோப்பை. கரஸ்பாண்டென்ட் ஆர்டர்ல கையெழுத்து போடப் போற மாதிரி பேனாவ எடுத்து பாக்கெட்ல சொருகுறார், பாத்தேன். அங்கதான் அவளுக்கு கை இறுகிப் போச்சு. ஒண்ணு வலையில. ஒண்ணு கோட்டுக்கு வெளிய. ஒண்ணு நிவேதா அடிச்ச ஸ்மாஷ், அதுல யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இப்படியே ஒண்ணொண்ணா போயி இருபது-இருபது.

தகர ஷீட்டு கூரை போட்ட ஹால். சத்தம் மேல போயி கீழ திரும்பி வருது, காது அடைக்குது. ஜனம் நாற்காலிய விட்டு எழுந்துடுச்சு. இந்த இடத்துல பிரகாஷ் என்ன பண்ணியிருக்கணும்? உடனே, அந்த நொடியே, எஸ்தரப் பாத்து கேட்டிருக்கணும். அவன் குனிஞ்சு ஸ்கோர் ஷீட்டப் பாத்தான். இருபதுக்கு முதல்ல வந்தது யாருன்னு சரி பாக்கறானாம்! ஆறு பாயின்ட் முன்னாடி இருந்தவ யாருன்னு பஜ்ஜிக்காரர கேட்டா சொல்லியிருப்பார். பயம் வந்தா மனுசன் தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் பாப்பான், நானும் பாத்திருக்கேன்.

அவன் குனிஞ்ச அந்த நேரத்துல தேவராஜ் எழுந்து நின்னுட்டார்.

"எஸ்தரு! செட்டு கேளு! செட்டு கேளு, டக்குனு நேரா கீரான்னு சொல்லிடாத!"

கடல்ல போற போட்டுக்குக் கேட்டிருக்கும். பிரகாஷ் திடுக்கிட்டு நிமிர்ந்து, "செட்டா, நேரா?"ன்னு கேட்டான். அந்தச் சத்தத்துல அது அவன் சட்டை பட்டனுக்கே கேட்டுதோ என்னமோ.

நிவேதா மேனேஜர் கோர்ட்டுக்குள்ளயே வந்துட்டார். "உரிமை போச்சு! சொல்லிக் குடுத்துட்டாங்க, இனி முடிவு எங்களது!" அவருக்குப் பின்னால கல்பாக்கத்துலருந்து வந்த கும்பல். இந்தப் பக்கம் கருங்குழி ஆளுங்க. "யாரு உரிமை யாருக்குப் போச்சு? இன்னா மச்சான், வம்பு பண்ணினுகீறியா?" பிரகாஷ் என்னைப் பாத்தான். கண்ணுல தண்ணி வராத குறை.

நான் எழுந்து நடந்தேன். மெதுவா நடந்தேன், வேணும்னுதான். நீங்களும் இத கத்துக்கோங்க. ஓடிப் போனா நீங்களும் சண்டையில ஒரு ஆளு. மெதுவாப் போனா ஜனம் வழி விடும், வழி விடறப்ப பேச்ச கொஞ்சம் நிறுத்தும், அதுக்குள்ள நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

நாற்காலிகிட்ட போயி ஒரே கேள்விதான் கேட்டேன். "பிரகாஷு, அவர் கத்தினது நீ கேக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எத்தனையோ பேரு அந்த இடத்துல பூசி மெழுகுவாங்க. தன் தாமதம் வெளிய வந்துடுமேன்னு 'சரியா கவனிக்கல மிஸ்'னு நழுவிடுவாங்க. அவன் அத்தனை பேர் எதிர்ல சொன்னான். "முன்னாடிதான் மிஸ். நான் ஷீட்ட பாத்துக்கினு இருந்தேன். லேட்டா கேட்டேன்." அந்தப் பையன் மேல எனக்கு அன்னைக்கு வந்த மரியாதை இன்னும் போகல. இந்தக் கதைய உங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டப்பக் கூட, 'பேரோட சொல்லுங்க மிஸ்'னான்.

நான் காதால கேட்டதும் அதேதான். திரும்பி மேனேஜர்கிட்ட சொன்னேன்: "கேள்விக்கு அப்புறம் சொல்லிக் குடுத்தாத்தான் உரிமை மாறும். இது கேள்விக்கு முன்னாடி. உரிமை எஸ்தர்கிட்டதான் இருக்கு."

அவர் லேசுப்பட்டவர் இல்ல. "முன்னாடி கத்தினா மட்டும் அந்தப் பொண்ணு காதுல விழாதா மிஸ்? ரூல் எதுக்காக இருக்கு? பதில் அவங்க மனசுலருந்து வரணும்னுதானே?"

நியாயமான கேள்வி. உள்ள சுருக்குனு குத்திச்சு. சும்மா வாய்க்கு வந்தத சொல்லி அவர அடக்கியிருக்கலாம், ஆனா நல்ல கேள்விக்கு நல்ல பதில் சொல்லணும். "விழும் சார். விழுந்துடுச்சு. அது தப்புதான். ஆனா அதுக்குன்னு ஒரு தண்டனை ரூல்ல கிடையாது. ரூல்ல இல்லாத தண்டனைய இருபது-இருபதுல நின்னுக்கிட்டு நான் புதுசா கண்டுபிடிக்க மாட்டேன்."

அதுக்குள்ள கமிட்டி செயலாளர் ஓடி வந்தார். பாவம், அவருக்கு பரிசு குடுக்க எம்.எல்.ஏ. வர்றதுக்குள்ள முடிச்சாகணும். "மிஸ், ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு பண்ணிடலாமே. இந்த செட்டு, நேரா ரெண்டும் வேணாம். உலகத்துல எல்லாரும் ஆடுற மாதிரி ரெண்டு பாயின்ட் வித்தியாசத்துக்கு ஆடட்டும். யாருக்கும் பேஜாரு இல்ல."

இந்த இடத்த நல்லா கேட்டுக்கோங்க. இப்படி ஒரு நல்ல மனுசன் எல்லா ஊருலயும் வருவார். அவர் சொல்றது கேக்க நல்லா இருக்கும், எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, பரீட்சையில நீங்க எழுதின பதிலும் அதேதான். அன்னைக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா, காலையிலருந்து கருங்குழி ரூலுக்கு ஒத்துக்கிட்டு ஆடின ரெண்டு பொண்ணுங்களையும் ஏமாத்தினதா ஆயிருக்கும். ஆட்டம் ஆரம்பிச்சப்ப எந்த ரூலோ அந்த ரூலோடதான் முடியணும். அந்த ரூல் உங்களுக்குப் பிடிக்குதா இல்லையான்னு யாரும் கேக்கல. "எம்.எல்.ஏ. கொஞ்சம் டீ குடிக்கட்டும் சார்"னு சொல்லி அவர உக்கார வெச்சேன்.

அடுத்தது தேவராஜ். "அண்ணாத்த, நீங்க ஹாலுக்கு வெளிய போய் நில்லுங்க."

"நான் இன்னா கொலையா பண்ணிட்டேன் மிஸ்? பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அவ ஆடினுகீறா. நீங்க இல்ல. போங்க."

முணுமுணுத்துக்கிட்டே போயி, வெளிய ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ஹால்ல கைய உயர்த்தினேன். நான் பள்ளிக்கூடத்துல பிரேயர் நடத்தினவ, கைய உயர்த்தினா எப்பேர்ப்பட்ட கூட்டமும் அடங்கணும், அடங்கிச்சு. முதல் தடவ கேட்டது யாருக்கும் காதுல விழல, திரும்பக் கேளுன்னு பிரகாஷுக்குச் சொன்னேன்.

பிரகாஷ் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, இந்தத் தடவ ஹால் பூரா கேக்கற மாதிரி கேட்டான். "எஸ்தர். செட்டா, நேரா?"

எஸ்தர் கையில இருந்த வேர்வைய பாவாடையில துடைச்சா. ஜன்னல் பக்கம் திரும்பவே இல்ல. வலைக்கு அந்தப் பக்கம் நின்ன நிவேதாவப் பாத்தா. கரஸ்பாண்டென்ட் முன்னால குனிஞ்சு உக்காந்திருந்தார்.

"நேரா"ன்னா.

ஹால்ல 'ஆ'ன்னு ஒரு சத்தம். ஜன்னல்ல தேவராஜ் தலையில அடிச்சுக்கிட்டார். "அய்யோ பாவிப் பொண்ணே!" கடைசி பாயின்ட் எடுத்தது நிவேதாங்கறதால சர்வீஸ் அவளோடது. வலது பக்கத்துலருந்து உயரமா, ஆழமா ஒரு சர்வீஸ் போட்டா. எஸ்தர் பின்னால ஓடி, உயரமா அந்தக் கடைசிக்கு கிளியர் பண்ணா. நிவேதாவும் பண்ணா. ரெண்டு பேருக்குமே தப்பு பண்ணிடக்கூடாதுன்னு பயம், பாதுகாப்பா பின்னால பின்னால அடிச்சிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி துரத்திட்டு வந்த அந்த வேகம் நிவேதாகிட்ட இப்ப இல்ல. அவ தூக்கி அடிச்ச ஒரு அடி கோர்ட்டு பாதியோட நின்னுடுச்சு. எஸ்தர் ஒரு எட்டு முன்னால வந்து, நிவேதா உடம்பப் பாத்து ஒண்ணு போட்டா. அவ ராக்கெட்டோட பிடியில பட்டு, அவ பக்கமே தரையில விழுந்துச்சு.

அவ்வளவுதான். ரெண்டு பொண்ணுங்களும் வலைக்கு மேல கைய குடுத்துக்கிட்டாங்க. எஸ்தர் அங்கயே தரையில உக்காந்து அழுதா. நிவேதா வலைக்கு அடியில குனிஞ்சு வந்து, அவ பக்கத்துல உக்காந்துச்சு. கரஸ்பாண்டென்ட் மைக்க வாங்கி, யாரும் கேக்காமலே, "எஸ்தர் எங்க பள்ளியில கோச்சா சேர்றாங்க"ன்னு சொல்லிட்டார்.

மேனேஜர் போறப்ப சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "உரிமை எங்களுக்கு வந்திருந்தா நிவேதா நேராதான் கேட்டிருக்கும் மிஸ். எப்படிப் பாத்தாலும் அதே ஒரு பாயின்ட்டுதான். நாமதான் வீணா கத்தினோம்." நானும் அப்ப சிரிச்சேன். தீர்ப்பு சரி, ஆட்டம் முடிஞ்சுது, சண்டை இல்ல, நல்ல பொண்ணு ஜெயிச்சிருக்கு. வேற என்ன வேணும்னுதான் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, ஹாலுக்குப் பின்னால குழாயடியில எஸ்தர் மூஞ்சி கழுவிக்கிட்டு இருந்தா. நானும் கை கழுவப் போனேன். "தைரியமா நேரான்னு கேட்டியே, சபாஷ்"னு முதுகுல தட்டினேன்.

"இல்ல மிஸ்"னா. "நான் நெனச்சினு இருந்தது செட்டுதான். இருபத்தெட்டு வாட்டி மனசுல சொல்லிட்டேன். மூணு பாயின்ட் இருந்தா கொஞ்சம் நிதானத்துக்கு வந்துடுவேன்னு."

"அப்புறம் ஏம்மா மாத்தின?"

"எங்கப்பா கத்திட்டாரே மிஸ். அதுக்கப்புறம் நான் செட்டுன்னு சொன்னா அது அவரு சொன்னதுதானே? ஜெயிச்சாலும் அவங்க அப்பா சொல்லிக் குடுத்து ஜெயிச்சாம்பாங்க. அந்த ஸ்கூல் சாரே அங்க உக்காந்துகினு கீறாரு. சொந்தமா ஒரு வார்த்த பேசத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்கு கோச் வேலைன்னு தோணாதா? அதான் கண்ண மூடிக்கினு நேரான்னுட்டேன். சத்தியமா மிஸ்."

குழாய மூடாம நின்னேன். தண்ணி பாட்டுக்கு கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

இதுக்காகத்தான் உங்கள உக்கார வெச்சு இவ்வளவு நேரம் கதை சொன்னேன். என் தீர்ப்பு சரி. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஒரு எழுத்து மாத்த மாட்டேன். உரிமை எஸ்தர்கிட்டயே இருந்துச்சு. ஆனா அவ அத எடுத்துப் பாக்கறப்ப பாதி காலியா இருந்துச்சு. செட்டுங்கற வார்த்தைய அவங்கப்பா எடுத்துக்கிட்டுப் போயிட்டார், அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு வார்த்தைதான். அத நான் ஊரையே அடக்கி நிறுத்தினாலும் திருப்பி வாங்கிக் குடுக்க முடியாது. பிரகாஷ் ஷீட்டுல குனியாம, எடுத்த எடுப்புலயே கேட்டிருந்தா, அவ மனசுல இருந்தது அப்படியே வாய்ல வந்திருக்கும். தேவராஜ் எழுந்து நிக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

அவ ஜெயிச்சுட்டா. அதனால யாரும் இதக் கவனிக்கல. தோத்திருந்தான்னு வெச்சுக்கோங்க. அந்த ஒரு அடி பாதி கோர்ட்டுல நிக்காம பின்னால போயிருந்தா? அந்த வேலை போயிருக்கும், அடுத்த மாசம் அவ வூட்டுல உக்காந்திருப்பா, ஊரு பூரா 'செட்டு கேட்டிருக்கலாம்'னு பேசியிருக்கும். நடுவர் லேட்டாக் கேட்டாருன்னு ஒருத்தர் வாய்லருந்தும் வந்திருக்காது. நம்ம தப்பெல்லாம் அப்படித்தான், அடுத்தவங்க பேருல போயிடும்.

அதனால ஸ்கோர் சமம் ஆகப் போகுதுன்னு தெரிஞ்சா, ரெண்டு பாயின்ட் முன்னாடியே மனசுல தயாரா இருங்க. யாரு முதல்ல வந்தாங்க, யாருகிட்ட கேக்கணும், எந்த வார்த்தையில கேக்கணும், எல்லாம் நாக்கு நுனியில இருக்கணும். ஷட்டில் தரையில விழுந்ததும் ஜனம் கத்தறதுக்கு மூச்ச இழுக்கும். அந்த மூச்சு உள்ள போறதுக்குள்ள உங்க கேள்வி வெளிய வந்துடணும்.

கதை இன்னும் முடியல, ஒரு நிமிஷம் உக்காருங்க.

பரிசெல்லாம் குடுத்து முடிச்சு எல்லாரும் கிளம்பினாங்க. வாசல்ல தேவராஜோட வேன். கதவத் திறந்து வெச்சிக்கிட்டு, போறவர்றவங்ககிட்டல்லாம், "ஜெயிச்சா சரி, ஆனா செட்டு கேட்டிருந்தா இவ்ளோ டென்சன் இல்ல பாரு"ன்னு பேசிக்கிட்டு இருந்தார். கோப்பைய இடுப்புல இடுக்கிக்கிட்டு எஸ்தர் பக்கத்துல நின்னா. என்னைப் பாத்ததும் மனுசன் ஓடி வந்தார்.

"மிஸ், நீங்க ஒரு நியாயத்த சொல்லுங்க. எவ்ளோ மேட்ச் பாத்திருப்பீங்க. செட்டு கேட்டிருக்கணுமா, வேணாமா? நான் சொன்னது ரைட்டா, தப்பா?"

செயலாளர் பாக்கறார், பிரகாஷ் பாக்கறான். எஸ்தர் தரையப் பாக்கறா. குழாயடியில என்கிட்ட சொன்னத அவங்கப்பாகிட்ட சொல்லலன்னு புரிஞ்சு போச்சு. நெசத்த சொல்லணும்னா அந்த மனுசன் சொன்னது ரைட்டு. அவர் பொண்ணும் அதையேதான் நெனச்சிருக்கா. ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா போதும், வூடு வரைக்கும் வேன் காத்துலயே பறந்திருக்கும்.

"அந்தக் கேள்வி எஸ்தருக்கு கேட்டது, அண்ணாத்த. உங்கள யாரும் கேக்கல"ன்னேன்.

சொன்ன அப்புறம்தான் கொஞ்சம் வெடுக்குனு சொல்லிட்டோமோன்னு தோணிச்சு. தேவராஜ் என் மூஞ்சியப் பாத்தார், அப்புறம் பொண்ணு மூஞ்சியப் பாத்தார். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, எவ்வளவு புரிஞ்சுதோ, எனக்குத் தெரியாது. சாவிய எடுத்துக்கிட்டு வேனுக்குப் பக்கத்துல போனார்.

"எஸ்தரு, வூட்டுக்குப் போலாமா, இல்ல மதுராந்தகம் போயி பிரியாணி துண்ணலாமா?"

கேட்டுட்டு, கதவுல கைய வெச்சிக்கிட்டு, வாய மூடிக்கிட்டு நின்னார். அந்த மனுசன் கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னத நான் அன்னைக்குத்தான் பாத்தேன். எஸ்தரும் அவசரப்படல. கோப்பைய ஒரு இடுப்புலருந்து இன்னொரு இடுப்புக்கு மாத்திக்கிட்டு, நல்லா நிதானமா யோசிச்சிட்டு, "பிரியாணி"ன்னா.